மலிகட்டானி சூப்பும் மிளகுத்தண்ணியும்

கேள்வி இதுதான்: சென்னையில் பழைய கிளப் ஒன்றின் மெனு அட்டையில் 'மலிகட்டானி சூப்' என்று இருந்தது. இது எந்த மொழிச் சொல்? நம்ம மிளகு ரசத்தைத்தான் இப்படிச் சொல்கிறார்களா? வீட்டில் செய்ய முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால், சொல் தமிழ், சூப் ரசம் அல்ல. இரண்டையும் வீட்டில் செய்யலாம். ஆனால் ரசம் வைக்கிற கையோடு சூப்பை வைத்தால் கெட்டுப்போகும், சூப் வைக்கிற முறையில் ரசம் வைத்தாலும் அப்படியே. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் பெயரைப் பார்த்துவிடலாம், அதில்தான் விஷயம் அதிகம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது எம், யு, இரண்டு எல், ஐ, ஜி, ஏ, டி, ஏ, டபிள்யு, என், ஒய் என்று 12 எழுத்து வரும். 'முல்லிகட்டவ்னி' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தோன்றும். ஆங்கிலேயர் 'மலிகட்டானி' என்பார்கள், அழுத்தம் 'டா'வில் விழும். முதல் எழுத்தை 'மு' என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு எல் வருவதும் நம்ம ளகரத்தைக் காட்டுவதற்காக அல்ல. முன்னால் இருக்கும் உயிர் குறில் என்று காட்ட மெய்யெழுத்தை இரட்டிப்பது ஆங்கில எழுத்து வழக்கம், அவ்வளவுதான்.

மூலம் 'மிளகுத்தண்ணீர்'. ஆனால் ஏட்டுத் தமிழிலிருந்து நேராகப் போனதில்லை, பேச்சுத் தமிழிலிருந்து போனது. பேச்சில் பகர, மகர, வகரத்துக்குப் பின் இகரமோ எகரமோ வந்து, அதை அடுத்து நாக்கை மடித்துச் சொல்லும் எழுத்து வந்தால் அந்த உயிர் உகர ஒகரமாகத் திரியும். பிள்ளை 'புள்ள' ஆகிறது, பெண் 'பொண்ணு' ஆகிறது, வீடு 'வூடு' ஆகிறது. அதே வழியில் மிளகு 'மொளகு'. தண்ணீர் யார் வாயிலும் முழுதாக வருவதில்லை, 'தண்ணி'தான். ஆக, வெள்ளைக்காரர் காதில் விழுந்தது 'மொளகுத்தண்ணி'. சமையல்காரரும் பட்லரும் பேசியதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். புலவர் ஒருவரைக் கேட்டு எழுதியிருந்தால் முதல் எழுத்து 'மி' என்றே நின்றிருக்கும், கடைசியில் 'ர்' தொங்கியிருக்கும்.

கடைசிப் பாதியில் இன்னொன்று நடந்திருக்கிறது. 'டானி' என்ற சொல் ஆங்கிலத்தில் ஏற்கெனவே உண்டு. பதனிட்ட தோலின் பழுப்பு நிறம் அது; சிங்கத்தின் நிறத்துக்கும் ஒருவகை ஆந்தைக்கும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். புரியாத 'தண்ணி'யைத் தெரிந்த 'டானி'யாக எழுதிக்கொண்டார்கள். சூப்பின் நிறமும் ஏறக்குறைய அதே பழுப்பு மஞ்சள் என்பதால் அந்த எழுத்து நிலைத்துவிட்டது என்பது என் கணிப்பு. வேற்றுமொழிச் சொல்லை உள்ளூர்ச் சொல் போல வளைத்துக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பதுதான். ஆங்கிலேயரின் ஹாமில்டன் பாலத்தை நாம் 'அம்பட்டன் வாராவதி' ஆக்கியதும், அது பிறகு ஆங்கிலத்துக்கே 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று திரும்பிப் போனதும் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்.

இனி, தவறான விளக்கங்கள். தமிழ் தெரிந்தவர்கள் இந்தச் சொல்லைப் பார்த்ததும் 'மல்லி' என்று படித்து, கொத்தமல்லிக் கட்டு, தண்ணி என்று பிரித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. சூப்பில் மல்லி நிறையவே போகிறது என்பது தற்செயல். முள்ளங்கியோடும் சம்பந்தமில்லை. கோல்ஃப் ஆடுகிறவர்கள் சொல்லும் 'மல்லிகன்' அயர்லாந்துக் குடும்பப் பெயர், அதுவும் வேறு.

'மிளகாய்த்தண்ணி'யாக இருக்கக் கூடாதா என்று கேட்டால், அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி. பேச்சில் 'மொளகா' என்பதால் ஒலி பொருந்துகிறது. நடுவில் 'க' வருகிறதா 'கு' வருகிறதா என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் பழைய ஆங்கில எழுத்துகளில் 'மொலிகூ', 'மல்லகீ', 'மலிக' என்று மூன்று விதமாகவும் இருக்கிறது. தீர்த்து வைப்பது பொருள்தான். சென்னையில் இருந்துகொண்டு எழுதியவர்கள் இதற்குக் கொடுத்த விளக்கம் 'பெப்பர் வாட்டர்', அதாவது மிளகு நீர். சென்னை ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இன்றும் அந்தப் பெயர்தான். மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்த சரக்கு. மிளகைப் போலக் காரமான காய் என்றுதான் நாம் அதற்கு 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம். காரத்துக்கு மூத்தது மிளகு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தின் 'பெப்பர்' லத்தீன், கிரேக்கம் வழியாக 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லிலிருந்து போனது. பிப்பலி என்பது நம்ம திப்பிலி. ஆக ஆங்கிலத்தில் மிளகுக்கு வழங்குவது திப்பிலியின் பெயர். நம்ம மிளகின் சொந்தப் பெயர் அந்த மொழிக்குள் தப்பித்துப் போய் உட்கார்ந்திருப்பது இந்த சூப்பின் பெயரில்தான்.

இந்தச் சொல் ஆங்கிலத்தில் அச்சேறியதற்கு அகராதிகள் காட்டும் பழைய ஆண்டு 1784. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். அந்தப் போர் நடந்த ஆண்டுகளில் பிடிபட்ட ஆங்கிலேயர் பலர் மைசூர் அரசின் சிறைகளில் கிடந்தார்கள். அப்படி இருந்த கடற்படைக்காரர் ஒருவர் பாடியதாக ஒரு பாட்டு உண்டு; அகராதிகள் காட்டும் அந்த 1784 சான்று அதுதான். பெங்களூர் சிறையில் நமக்குச் சாப்பாடு ஒன்று மலிகட்டானி, இல்லாவிட்டால் கஞ்சி என்பது அதன் புலம்பல். ஒரே புலம்பலில் இரண்டு தமிழ்ச் சொல்! கவனிக்க வேண்டியது, அங்கே அது சிறைக் கைதிக்குப் போடும் ஏழைச் சாப்பாடு. கோழியும் வெண்ணெயும் கலந்த விருந்து சூப் இல்லை.

பிறகு அந்தப் பெயர் மனிதர்கள் மேலும் ஏறியது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குள் மாகாணம் மாகாணமாகக் கேலிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். வங்காளத்தில் இருப்பவர், ஆளைக் கூப்பிட 'கோயி ஹை' என்று கத்துவதால் 'கோய் ஹை'. பம்பாய்க்காரர் அங்கே கிடைக்கும் பம்பாய் வாத்து என்ற கருவாட்டின் பெயரால் 'டக்'. சென்னைக்காரர் 'மல்'. மலிகட்டானியின் முதல் துண்டை மட்டும் வெட்டி எடுத்தது அது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் இரண்டு சொல்லும் அடுத்தடுத்து இருக்கின்றன. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ் அறிந்தவர். மூலம் 'மிளகு தண்ணீர்' என்று அவர்கள் சந்தேகமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

சரி, பண்டம் எப்படி மாறியது? ஆங்கிலேயர் சாப்பாடு சூப்பில் தொடங்கும். நம்ம சாப்பாட்டில் அப்படி ஒரு இடமே இல்லை. ரசம் நடுவில் சோற்றோடு வருவது. முதலில் கிண்ணத்தில் எதையாவது வைத்தாக வேண்டும் என்றபோது சமையல்காரர் கையில் இருந்த, நீர்த்த, சூடான ஒரே பண்டம் மிளகுத்தண்ணி. ஆனால் துரைக்கு அது வெறும் புளித்தண்ணீராகத் தெரிந்தது. அதனால் தண்ணீருக்குப் பதில் எலும்புச் சாறு, நெய்க்குப் பதில் வெண்ணெய், கெட்டியாக்க மாவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 1878இல் மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட சென்னைச் சமையல் நூல் ஒன்றில், கர்னல் கென்னி ஹெர்பர்ட் இரண்டு நிலையையும் பிரித்தே சொல்கிறார். உள்ளூர்க்காரர் வைப்பது புளி, காய்ந்த மிளகாய், பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு, கறிவேப்பிலையை அரைத்துக் கொதிக்கவிட்டு, நெய்யில் சிவக்க வதக்கிய வெங்காயத்தின் மேல் வடித்துக் கொட்டுவது. துரைமார் சாப்பிடுவது இறைச்சிச் சாறு சேர்த்தது. சட்டியை அவர் 'சாட்டி' என்றே எழுதியிருக்கிறார், கறிவேப்பிலைக்குத் தெலுங்குப் பெயரைப் போட்டிருக்கிறார். அந்தக் காலச் சென்னை அடுக்களையில் இரண்டு மொழியும் கலந்துதானே புழங்கியது.

பிரிட்டனுக்குப் போனதும் புளி கிடைக்கவில்லை. புளிப்புக்கு ஆப்பிளும் எலுமிச்சையும் புகுந்தன. மசாலா அரைக்க ஆள் இல்லை, புட்டியில் வந்த கறிப்பொடி புகுந்தது. கடைசியில் டின்னிலும் அடைத்து விற்றார்கள். ஜெர்மனியில் ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று தொலைக்காட்சியில் போடும் 1963ஆம் ஆண்டு ஆங்கில நகைச்சுவை நாடகம் ஒன்று உண்டு. அதில் பட்லர் முதலில் பரிமாறுவது இதைத்தான். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத ஜெர்மன்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மிளகுத்தண்ணியைக் காதால் கேட்டுவிடுகிறார்கள்.

சென்னையில் நடுவழியில் நின்ற வடிவம் ஒன்று இன்னும் இருக்கிறது. பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் சோறு, பெப்பர் வாட்டர், பக்கத்தில் உலர வறுத்த இறைச்சி என்பது வழக்கமான மதியச் சாப்பாடு. புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் மிளகாய்த்தூள் எல்லாம் ஒன்றாகக் கொதித்தது. நம்ம ரசத்துக்கு ஒட்டிய உறவு, பெயர் மட்டும் ஆங்கிலம்.

இப்போது சமையல். முதலில் மிளகுத்தண்ணி, பருப்பில்லாமல், 4 பேருக்கு.

15 கிராம் புளியை, அதாவது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவை, 250 மி.லி. வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்துக் கரைத்து வடித்துக்கொள்ளுங்கள். மிளகு 2 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன் எடுத்து வறுக்காமல் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, கடைசியில் 5 பல் பூண்டைத் தோலோடு போட்டு நசுக்குங்கள். புளித்தண்ணீரில் மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன் போட்டு நடுத்தரத் தீயில் 7, 8 நிமிடம் கொதிக்க வேண்டும், பச்சை வாசனை போகும்வரை. அதற்குப் பிறகே இடித்ததைப் போட்டு 500 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்குக் கூடும்போது இறக்கிவிட வேண்டும். 2 டீஸ்பூன் நெய்யில் கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டி 10 நிமிடம் மூடி வையுங்கள்.

ஏன் நுரை கட்டியதும் இறக்கச் சொல்கிறார்கள்? மிளகில் காரமும் மணமும் தனித்தனிப் பொருள். காரம் தருவது பெப்பரின். அது ஆவியாகாது, தண்ணீரிலும் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். மணம் தருவது ஆவியாகும் எண்ணெய்கள். தளதளவென்று 5 நிமிடம் கொதிக்கவிட்டால் வீடெல்லாம் மணக்கும். அந்த மணம் அவ்வளவும் பாத்திரத்தை விட்டுப் போனது. மிஞ்சுவது தொண்டையைக் கமறும் காரம் மட்டும். நெய் கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. நெய் இல்லாவிட்டால் காரம் அடியில் மண்டியோடு தங்கி, மேலே சப்பென்று இருக்கும். பொடித்த மிளகுத்தூள் பாக்கெட் வாங்கிப் போட்டாலும் இதே கதி. அரைத்து நாளானால் மணம் போய்விடும், காரம் போகாது.

இன்னொரு தவறு மிளகைச் சிவக்க வறுப்பது. தீய்ந்தால் கசப்பு வரும், புளியோடு சேர்ந்தால் இன்னும் கசக்கும். சளி பிடித்தவருக்கு என்று மிளகை இரண்டு பங்காக்குகிறவர்கள் புளியைக் குறைக்காமல் விடுகிறார்கள்; வயிறு எரியும்.

அடுத்து சூப், இதுவும் 4 கிண்ணம்.

எலும்போடு கோழி 400 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், சிறு தீயில் 40 நிமிடம். மேலே வரும் அழுக்கு நுரையை முதல் 10 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். வடித்தால் 1 லிட்டர் சாறு நிற்கும். கறியை எலும்பிலிருந்து பிய்த்துத் தனியாக வையுங்கள். ஆட்டெலும்பு என்றால் குக்கரில் 30, 35 நிமிடம் வைத்து, சாறு ஆறியபின் மேலே உறைந்த கொழுப்பை எடுத்துவிடுங்கள். இந்தக் கொழுப்பை விட்டால் வாயில் ஒட்டும்.

கறிப்பொடியை வீட்டிலேயே செய்வது நல்லது. மல்லி 3 டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் 4, மிளகு 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், வெந்தயம் கால் டீஸ்பூன் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சூடேறும்வரை மட்டும் வறுத்து, மஞ்சள்தூள் 1 டீஸ்பூன் சேர்த்து நைசாகப் பொடிக்கவும். இந்த சூப்புக்கு அதில் 1 டேபிள்ஸ்பூன் போதும். சாம்பார்பொடியைப் போடாதீர்கள். அதில் பருப்பு இருக்கும், சூப் சாம்பாராகிவிடும். கரம் மசாலாவும் வேண்டாம், பட்டை கிராம்பு இதில் தூக்கும்.

30 கிராம் வெண்ணெயில் பெரிய வெங்காயம் ஒன்றைப் பொன்னிறம் வரும்வரை, 10 நிமிடமாவது, வதக்குங்கள். அவசரப்பட்டால் சூப்பில் பச்சை வெங்காயத்தின் இனிப்பு தெரியும். இஞ்சி ஒரு அங்குலம், பூண்டு 3 பல், சிறிய கேரட் ஒன்று, புளிப்பான பச்சை ஆப்பிள் பாதி, எல்லாம் நறுக்கிப் போட்டு 3 நிமிடம். பிறகு கறிப்பொடி, 1 நிமிடம், தீயைத் தணித்து. மைதா 1 டேபிள்ஸ்பூன் தூவி இன்னும் 2 நிமிடம் பிரட்டி, சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் மாவு கட்டி தட்டும். மைதா பிடிக்காதவர்கள் மைசூர் பருப்பு 50 கிராம் போடலாம், எனக்கு அதுதான் உசத்தி. சூப் உடம்போடு நிற்கும், மாவு வாசனை இருக்காது. 25 நிமிடம் சிறு தீயில் வெந்தபின் மசித்து வடிகட்டுங்கள்.

மறுபடி அடுப்பில் வைத்து, கொதி அடங்கிய பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் 100 மி.லி. ஊற்றி, ஆவி பறக்கும் அளவு சூடாக்கி இறக்கவும். கடைசியில் புதிதாக இடித்த மிளகு அரை டீஸ்பூன், உப்பு, எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன். கிண்ணத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் வெந்த சோறும் கொஞ்சம் கறியும் வைத்து மேலே சூப்பை ஊற்ற வேண்டும். சோற்றைப் பானையிலேயே போட்டால் அரை மணி நேரத்தில் சூப் கஞ்சியாகிவிடும்.

பெரும்பாலும் கெடுவது தேங்காய்ப்பால் கட்டத்தில். கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் இன்னும் சீக்கிரம் திரியும், கசப்பும் வரும். பசும்பால் ஊற்றுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. திரிந்துவிட்டால் தூக்கிக் கொட்ட வேண்டாம்; ஒரு டேபிள்ஸ்பூன் வெந்த பருப்பைச் சேர்த்து மிக்ஸியில் ஆறியபின் ஒரு சுற்று சுற்றினால் ஓரளவு சேர்ந்துகொள்ளும். பொடியைக் கடைசியில் தூவினால் பச்சை மசாலா வாசனை அடிக்கும், அதற்கு மருந்தில்லை, வெண்ணெயில் வதக்கும்போதே போட வேண்டும். காரம் கூடினால் ஆப்பிளைக் கூட்டாதீர்கள், தேங்காய்ப்பாலைக் கூட்டுங்கள்.

சைவமாக வேண்டும் என்றால் எலும்புச் சாற்றுக்குப் பதில் கேரட், வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, 8 முழு மிளகு போட்டு 30 நிமிடம் கொதித்த நீரை எடுத்துக்கொண்டு, பருப்பை 75 கிராமாக்குங்கள். மற்றதெல்லாம் அதேதான். ஓட்டலில் கேட்கும்போது மட்டும் 'வெஜ் மலிகட்டானி' என்று இருந்தாலும் சாறு எதில் எடுத்தது என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். சில அடுக்களைகளில் மேலே போடும் கறியை மட்டும் விட்டுவிட்டு அதே கோழிச்சாற்றில் செய்வதுண்டு.

மீந்தால் தேங்காய்ப்பால் சேர்க்காத அடிச் சூப்பாக எடுத்து வையுங்கள். ஃபிரிட்ஜில் 2 நாள் தாங்கும், பால் சேர்த்தது மறுநாளே போய்விடும். மிளகுத்தண்ணியை மறுநாள் சூடாக்கினால் மணம் இருக்காது. அரை டீஸ்பூன் மிளகைப் புதிதாக இடித்து நெய்யில் பொரித்துக் கொட்டினால் ஒரு வேளைக்கு ஒப்பேறும்.